எது விக்கிரகம்? வாசகர் கேள்விகளுக்குப் போதகர் பதில்

கைபேசி வைத்திருப்பது விக்கிரகாராதனையா? (இளைஞர், கல்லடி)

இல்லை. எத்தனை மணிநேரம் பார்க்கிறீர்கள், எதை விட்டுவிட்டுப் பார்க்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் மேற்கொண்டு சொல்லியிருப்பேன். பொருளைப் பார்க்காதீர்கள், அதற்கு எதைப் பலி கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். இதை எழுதி எழுதிக் கை வலிக்கிறது.

பக்கத்து வீட்டு இந்துக் குடும்பம் பொங்கல் தந்தால் சாப்பிடலாமா? (கல்முனை)

தாராளமாக. "சாமிக்குப் படைத்தது" என்று அவர்களே சொன்னால் நன்றி சொல்லி, பணிவாக மறுத்துவிடுங்கள். 1 கொரிந்தியர் 10ஐ முழுதாக வாசியுங்கள், ஒரு வசனத்தோடு நிறுத்த வேண்டாம்.

ஜெப எண்ணெயைக் கடை வாசலில் தெளித்தால் வியாபாரம் கூடுமா? (வாழைச்சேனை)

கூடாது. யாக்கோபு 5:14 நோயாளிக்கு எண்ணெய் பூசி மூப்பர்கள் ஜெபிக்கச் சொல்கிறது. கடை வாசல் அங்கே எங்கே வந்தது? நல்லதும் விக்கிரகமாகிவிடும். பாம்பு கடித்தவர்கள் பார்த்துப் பிழைக்க மோசே செய்த வெண்கலச் சர்ப்பம் தேவன் சொல்லிச் செய்தது. 500 வருடங்களுக்கு மேல் கழித்து ஜனங்கள் அதற்கே தூபம் காட்டினார்கள். எசேக்கியா ராஜா அதை உடைத்துப் போட்டார் (2 இராஜாக்கள் 18:4). போத்தலை என்ன செய்வது என்று இனிக் கேட்க மாட்டீர்கள்தானே.

மகள் இந்த வருடம் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் எழுதுகிறாள். ஞாயிறு காலையில் டியூசன். ஒரு வருடம் ஆராதனைக்கு வராவிட்டால் தேவன் கோபிப்பாரா? (ஒரு தாய், ஆரையம்பதி)

அந்த 'ஒரு வருடம்' எனக்கு நன்றாகத் தெரியும் அம்மா. நாலாம் ஆண்டிலேயே தொடங்கும். புலமைப்பரிசிலோடு முடியாது. சாதாரண தரம், உயர்தரம், பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி என்று இழுத்துக்கொண்டே போகும். ஓயும்போது பிள்ளைக்கு 20 வயது, ஞாயிறு பாடசாலை எந்தக் கட்டடத்தில் நடந்தது என்றுகூடத் தெரியாது.

படிப்புக்கு நான் எதிரியில்லை. 1814இல் மட்டக்களப்புக்கு வந்த மெதடிஸ்ட் மிஷனரி வில்லியம் ஓல்ட் ஒரு வருடத்துக்குள் இறந்து போனார். அதற்குள் பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டார். இன்றைய மத்திய கல்லூரியின் ஆரம்பம் அதுதான். இந்த ஊரில் படிப்பும் சபையும் சேர்ந்தே வந்தவை, இப்போது ஏன் ஒன்றை வெட்டி மற்றதற்குப் படைக்கிறோம்? 2 இராஜாக்கள் 3இல் மோவாபின் ராஜா தன் மூத்த மகனைப் பலியிடுகிறான். போரில் தோற்கும் பயம்தான் அவனை அப்படிச் செய்ய வைத்தது. நமக்கும் பயம்தான், பிள்ளை பின்தங்கிவிடுமோ என்று. மறுபடியும் சொல்கிறேன், எதைப் பலி கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள்.

சரி, வகுப்பு எடுப்பவரிடம் நேரத்தை மாற்றக் கேட்டீர்களா? நாலு பெற்றோராகப் போய்க் கேளுங்கள். ஞாயிறு காலையில் வகுப்பு வைக்கும் ஆசிரியர்களில் நம் சபைக்காரரும் உண்டு, அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். தேவன் கோபிப்பாரா என்பதை அப்புறம் பார்ப்போம். அம்மாவுக்கு எது முதலிடம் என்று மகள் இப்போதே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கத்தோலிக்க நண்பர்கள் ஆயித்தியமலைத் திருவிழாவுக்குக் கூப்பிடுகிறார்கள். அது சிலை வணக்கம்தானே? (செங்கலடி)

ஆராதனை தேவனுக்கு மட்டுமே, திருச்சாயல்களுக்கு, அதாவது புனிதர் படங்களுக்கும் உருவங்களுக்கும், மரியாதை மட்டும் என்று 787இல் நிசேயாவில் கூடிய சங்கம் பிரித்து வைத்தது. நான் மெதடிஸ்ட்காரன், நடைமுறையில் அந்தக் கோடு எவ்வளவு தூரம் நிற்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனாலும் நண்பர்களின் மனதை அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அப்படியே உங்கள் வீட்டு முன்னறையில் ஏதாவது தீர்க்கதரிசியின் படம் போட்ட கலண்டர் தொங்குகிறதா என்றும் பாருங்கள்.

எங்கள் போதகர் புது வாகனம் வாங்கியிருக்கிறார். கொலோசெயர் 3:5 சொல்லும் 'விக்கிரகாராதனையான பொருளாசை' இதுதானே? (பெயரில்லாக் கடிதம்)

அந்த வசனம் அவருக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு. பெயர் போட்டு எழுதுங்கள், மீதியைச் சொல்கிறேன்.