பழைய மாருதி 800 இன்ஜின் வேலைக்கு டார்க் ரெஞ்ச் அவசியமா, கை அளவு போதாதா?

கார்புரேட்டர் மாடல் மாருதி 800-இல் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் அடிப்பகுதியான பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு) போய், நீங்களே பிரித்து வைத்திருக்கிறீர்கள். "கை அளவு போதும், டார்க் ரெஞ்ச் எல்லாம் வீண் செலவு" என்று தெரிந்த மெக்கானிக் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். என் பதில்: டார்க் ரெஞ்ச், அதாவது நாம் வைத்த அளவு வந்ததும் 'கிளிக்' என்று சொல்லும் ஸ்பேனர், கட்டாயம் வாங்குங்கள். ஆனால் பழைய இன்ஜினில் ரெஞ்சை மட்டும் நம்பினால் பாதிக் கிணறுதான் தாண்டியிருப்பீர்கள்.

போல்ட்டை இறுக்கும்போது அது மயிரிழை அளவு நீள்கிறது. அந்த நீட்சியின் இழுவைதான் ஹெட்டை பிளாக்கோடு அழுத்திப் பிடிக்கிறது. டார்க் ரெஞ்ச் இந்த இழுவையை அளப்பதில்லை. போல்ட்டைச் சுற்ற எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்பதை மட்டுமே அளக்கிறது. கொடுக்கும் விசையில் ஏறக்குறைய 90 சதவீதம் மரையிலும் போல்ட் தலைக்கு அடியிலும் உராய்வாகவே போய்விடும். மிச்சம் 10 சதவீதம்தான் இழுவையாக மாறும். மரையில் துருவும் கரியும் இருந்தால் ரெஞ்ச் 'கிளிக்' என்று சரியாகச் சொல்லும், உள்ளே ஹெட் லூசாகவே இருக்கும். எண்ணெய் வழிய வழியப் போட்டால் நேர்மாறு: அதே அளவில் போல்ட் அதிகமாக நீண்டுவிடும். வண்டியின் சர்வீஸ் புத்தகம் அளவை உலர்ந்த மரைக்குச் சொல்கிறதா, லேசாக எண்ணெய் தடவிய மரைக்குச் சொல்கிறதா என்று பார்த்து அதன்படியே செய்யுங்கள்.

அதனால் முதல் வேலை சுத்தம். போல்ட்டுகளை கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். பிளாக்கில் உள்ள துளைகளை காற்றடித்துக் காலி செய்யுங்கள். அடிப்பக்கம் மூடிய துளையில் எண்ணெயோ கூலன்டோ தேங்கியிருந்தால் போல்ட் இறங்கும்போது அது வெளியேற வழியில்லாமல் பிளாக்கையே வெடிக்க வைக்கும். சுத்தம் செய்த போல்ட் துளையில் விரலாலேயே கடைசி வரை இறங்க வேண்டும். நடுவில் பிடித்தால் ஸ்பேனரை எடுக்காதீர்கள், காரணத்தைத் தேடுங்கள். கழுத்துப் பகுதி மெலிந்த போல்ட் இருந்தால் தயங்காமல் மாற்றிவிடுங்கள்.

அப்புறம் வரிசை. நடு போல்ட்டில் தொடங்கி இரண்டு பக்கமும் மாறி மாறி வெளியே போங்கள். ஒரே மூச்சில் முழு அளவுக்குப் போகக் கூடாது; மூன்று சுற்றாகப் பிரித்து ஏற்றுங்கள். இந்த வண்டியில் ஹெட் அலுமினியம். ஒரு ஓரத்தை மட்டும் முதலில் இறுக்கினால் வளைந்துவிடும். கடைசிச் சுற்றில் கையை மெதுவாக, நிறுத்தாமல் இழுங்கள். பாதியில் நிறுத்தி மறுபடி இழுத்தால், போல்ட் நகர்வதற்கு முன்பே கிளிக் கேட்டுவிடும். இழுக்க இழுக்கப் பிடி ஏறாமல் போல்ட் மட்டும் சுற்றிக்கொண்டே போகிறதா? உடனே நிறுத்துங்கள். போல்ட் நீண்டுபோகிறது, அல்லது மரை போய்க்கொண்டிருக்கிறது.

அலகில் ஏமாந்துவிடாதீர்கள். இறுக்கும் அளவுக்கு இப்போதைய அலகு நியூட்டன் மீட்டர்; பழைய புத்தகங்களில் கிலோகிராம்-மீட்டர் (kg-m) கணக்கு இருக்கும், சிலவற்றில் பவுண்ட்-அடி. 1 கிலோகிராம்-மீட்டர் என்பது 9.8 நியூட்டன் மீட்டர். 1 பவுண்ட்-அடி 1.36 நியூட்டன் மீட்டர். 60 நியூட்டன் மீட்டர் வைக்க வேண்டிய இடத்தில் தவறுதலாக 60 பவுண்ட்-அடி வைத்தால் அது 81 ஆகிவிடும். ஹெட் போல்ட்டுக்கான எண்ணை உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்திலிருந்து மட்டுமே எடுங்கள், யூடியூபில் சொன்னதை வைத்து இறுக்காதீர்கள்.

கை அளவு அதிகம் கெடுப்பது சின்ன போல்ட்டுகளைத்தான். சாதாரண 8.8 தர (போல்ட்டின் வலிமையைக் காட்டும் எண்) 6 மிமீ போல்ட் 10 நியூட்டன் மீட்டர் வாக்கில்தான் தாங்கும், 8 மிமீ போல்ட் 25 வாக்கில். அலுமினியத்தில் இறங்கும் மரை என்றால் அதைவிடக் குறைவு. சம்ப் (இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி), டேப்பட் கவர் (ஹெட்டின் மேல்மூடி) போல்ட்டுகளை முறுக்கித் தள்ளினால் தகடு நெளிந்து, நிறுத்த நினைத்த ஆயில் கசிவு அங்கேயே தொடங்கும். பெரிய ரெஞ்சில் இவ்வளவு சிறிய அளவு துல்லியமாக வராது, இதற்கு 5 முதல் 25 வரை காட்டும் சின்ன ரெஞ்ச் தனியாக வேண்டும். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் ஹெட்டுக்கு இரவல் வாங்கிக்கொண்டு, இந்தச் சின்னதைச் சொந்தமாக வாங்குங்கள்.