"விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பில்லில் போட்டிருந்தால் ஒன்றும் செய்ய முடியாதா?

மிக்ஸி வாங்கிப் பத்தே நாளில் மோட்டார் புகைகிறது, கடைக்காரர் பில்லின் அடிவரியைக் காட்டுகிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வரி உங்களைக் கட்டுப்படுத்தாது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை. உங்களுக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது. கடையில் நின்று கத்தாமல் இன்றே எழுத்தில் கொடுங்கள்.

நான் கத்தியவன். அதனால்தான் சொல்கிறேன்.

2022 ஆடித் தள்ளுபடியில் புரசைவாக்கத்தில் ஒரு ஃபிரிட்ஜ் வாங்கினேன், 24,500 ரூபாய். மூன்றாவது மாடிக்கு ஏற்ற டெலிவரி பையன்கள் 600 ரூபாய் தனியாக வாங்கிக்கொண்டார்கள், லிஃப்ட் ஓடாததால். மாதாமாதம் பராமரிப்புப் பணம் மட்டும் எங்கள் அசோசியேஷன் தவறாமல் வசூலிக்கும். செயலாளரிடம் கேட்டால் "ஸ்பேர் வரணும் சார்" என்பார். அந்தக் கதை இங்கே வேண்டாம்.

மூன்றாவது வாரமே ஃபிரீசரில் தண்ணீர் நின்றது. அம்மாவின் இன்சுலினைப் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துத் தினமும் இரண்டு வேளை கதவைத் தட்டினோம். சர்வீஸ் ஆள் நான்கு முறை வந்தார். முதலில் கேஸ் லீக், அப்புறம் தெர்மோஸ்டாட், அப்புறம் "உங்க ஏரியா வோல்டேஜ் சரியில்லை". நான்காவது முறை, கதவை ரொம்பத் திறக்கிறீர்களா என்று என் மனைவியிடம் கேட்டார். கடையில் போய் நின்றால் கம்பெனியைக் கைகாட்டினார்கள், கம்பெனியில் கடையை. "ஆஃபர்ல வாங்கினா இப்படித்தான் சார்" என்றார் மேனேஜர், பத்துப் பேர் முன்னால். ஓசியில் கேட்டது போல.

அன்றுதான் சத்தத்தை நிறுத்தினேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். கம்பெனி மறுபடியும் வோல்டேஜ் பாட்டையே பாடியது. கடைக்கும் கம்பெனிக்கும் பதினைந்து நாள் கெடு வைத்து, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் அனுப்பினேன். பதில் இல்லை. இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்து, ஆன்லைனில் மனுப் போடும் இ-தாக்கில் தளம் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டேன். (இப்போது அதற்கு இ-ஜாக்ரிதி.) பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. வக்கீல் வைக்கவில்லை. குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு முறை வந்தபோது சர்வீஸ் சீட்டு வாங்கவில்லை, அதனால் ஆள் வந்ததற்கே அத்தாட்சி இல்லை. பில்லில் எழுத்து மங்கிப் போய்விட்டது. நல்லவேளை, மகள் போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். நீங்களும் இப்போதே எடுத்துவிடுங்கள்.

கம்பெனி வக்கீல் இரண்டு வாய்தா வாங்கினார். மூன்றாவதற்கு முன்பு போன் வந்தது: முழுப் பணமும், மேலே 5,000 ரூபாயும். மன உளைச்சலுக்கு 40,000 கேட்டிருந்தவன், கையெழுத்துப் போட்டுவிட்டேன். "சமரசம் ஆனவன் உபதேசம் பண்ண வந்துட்டான்" என்று கீழே யாராவது எழுதுவீர்கள், தெரியும். அம்மாவுக்கு வயது எண்பத்தொன்று. தீர்ப்பு வரும் வரை ஃபிரிட்ஜ் இல்லாமல் இருந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பழைய ஃபிரிட்ஜை எடுத்துப்போக ஆள் வந்தார்கள். அப்போதும் லிஃப்ட் ஓடவில்லை. இறக்குவதற்கு 600 ரூபாய் கேட்டார்கள். கொடுக்கவில்லை.