வாசகர் கேள்வி - பதில்: நீரிழிவு ஆய்வகத்து மனிதர்கள்

கேள்வி: என் மகள் பி.எஸ்சி. உயிர்வேதியியல் முடித்திருக்கிறாள். பெங்களூரிலேயே ஒரு பல்கலைக்கழகத்தின் நீரிழிவு, வளர்சிதை மாற்ற ஆய்வகத்தில் திட்ட உதவியாளராக வேலை கிடைத்திருக்கிறது. "ரத்தம் எடுக்கிற வேலைக்கா இவ்வளவு படிக்க வைத்தோம்?" என்று அவள் அப்பா வருத்தப்படுகிறார். அங்கே யார் யார் இருப்பார்கள்? இவளுக்கு என்ன வேலை இருக்கும்?
- வாசகி, அல்சூர்

பதில்: அம்மா, உங்கள் கணவரின் வருத்தம் பெற்றோருக்கு வரக்கூடியதுதான். அவர் மனத்தில் இருப்பது தெருமுனைப் பரிசோதனைக் கூடமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அங்கே காலையில் ரத்தம் கொடுத்தால் மாலையில் ஓர் எண் கிடைக்கும். அத்தோடு வேலை முடிந்தது. ஆய்வகத்திலோ அந்த எண் கிடைத்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது. இந்த ஊர் ஆய்வகங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் என்ற முறையில், அங்கே ஒரு காலை எப்படிப் போகும் என்று சொல்கிறேன்.

ஆறரை மணிக்கெல்லாம் சிலர் வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை அழைத்து வந்தவர் களப்பணியாளர். வீடு வீடாகப் போய், தமிழரிடம் தமிழிலும் கன்னடரிடம் கன்னடத்திலும் பேசி, "நீரிழிவு" என்றால் விழிப்பவரிடம் "சுகர்" என்று சொல்லிப் புரியவைத்து வந்திருப்பார். செவிலியர், வந்தவரின் கையில் ஊசிக்குழாயைப் பொருத்தி முதல் ரத்தத்தை எடுப்பார். பிறகு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரை ஐந்து நிமிடத்துக்குள் குடிக்கச் சொல்வார்கள். குடிப்பவருக்குக் குமட்டும், பக்கத்தில் கடிகாரத்தோடு நிற்கும் டெக்னீஷியன்தான் "மெதுவாக, இன்னும் இரண்டு வாய்தான்" என்று தைரியம் சொல்வார். அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் மறுபடி ரத்தம் எடுப்பார்கள்.

எடுத்த ரத்தத்தைக் கையாள்வதுதான் உங்கள் மகள் முதலில் கற்கப்போவது. குழாய்க்குள் போன பிறகும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. அவை சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். தடுப்புப் பொருள் இல்லாத குழாயை அப்படியே மேசைமேல் வைத்தால், மணிக்கு ஏறத்தாழ 5 முதல் 7 சதவீதம் வரை சர்க்கரை குறைந்துகொண்டே போகும். வெறும் வயிற்றில் 126 இருந்தால் நீரிழிவு என்பது கணக்கு. அந்த 126 உள்ள குழாயை வைத்துவிட்டு ஒரு மணி நேரம் காபி குடிக்கப் போய்வந்தால் 118 என்று காட்டும். நோயாளி ஏட்டில் நோயாளியாக இருக்கமாட்டார். அதனால்தான் தடுப்புப் பொருளான ஃப்ளூரைடு போட்ட சாம்பல் மூடிக் குழாயில் ரத்தத்தைப் பிடித்து, எட்டுப் பத்து முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தி, உடனே பனிக்கட்டியில் வைக்கிறார்கள். குலுக்கக் கூடாது. குலுக்கினால் சிவப்பணு உடைந்து, உள்ளிருக்கும் நொதி வெளியே வந்து இன்சுலினைச் சிதைத்துவிடும். சுழற்றிப் பிரித்த பிளாஸ்மா, அதாவது அணுக்கள் நீங்கிய ரத்த நீர், இளம் வைக்கோல் நிறத்தில் இருந்தால் டெக்னீஷியனின் முகம் மலரும். இளஞ்சிவப்பாக இருந்தால் அந்தக் குழாயைத் தனியே எடுத்து வைத்துக் குறிப்பெழுத வேண்டும்.

அடுத்த அறையில் ஆய்வு மாணவர்கள் 96 குழிகள் கொண்ட தட்டில் ஒவ்வொரு குழியாகப் பிப்பெட்டால் நிரப்பி இன்சுலினை அளப்பார்கள். செல் வளர்ப்பவர் 37 டிகிரி வெப்பப்பெட்டியில் இருக்கும் செல்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வந்து உணவு மாற்றுவார். புள்ளியியலாளர் ஒருவர், மருத்துவர் ஒருவர், ஆண்டு முழுக்க நிதிக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கும் பேராசிரியர் ஒருவர் என்று மற்றவர்களும் இருப்பார்கள். வெளியே தெரிவது பெரும்பாலும் பேராசிரியரின் பெயர் மட்டும்தான். அது எனக்கு எப்போதுமே நெருடலாக இருந்திருக்கிறது.

இன்சுலின் கதையே இதற்குச் சான்று. 1921இல் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் பான்டிங் என்ற அறுவை மருத்துவரும் பெஸ்ட் என்ற மாணவரும் நாய்களின் கணையத்திலிருந்து சாறு எடுத்தார்கள். மெக்லியாட் என்ற பேராசிரியர் இடமும் வழிகாட்டலும் தந்தார். 1922 ஜனவரி 11 அன்று லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போட்டபோது, சாற்றில் கசடு இருந்ததால் ஒவ்வாமைதான் வந்தது. காலிப் என்ற உயிர்வேதியியலாளர் இரவும் பகலும் அமர்ந்து அதைச் சுத்திகரித்துக் கொடுத்த பிறகு, ஜனவரி 23 அன்று போட்ட ஊசியில்தான் சிறுவன் தேறினான். 1923இல் நோபல் பரிசு பான்டிங்குக்கும் மெக்லியாடுக்கும் போயிற்று. பான்டிங் தம் பணத்தில் பாதியைப் பெஸ்டுக்கும், மெக்லியாட் தம் பங்கில் பாதியைக் காலிப்புக்கும் கொடுத்தார்கள். சுத்திகரித்த கை இல்லையென்றால் அந்தச் சிறுவன் பிழைத்திருக்கமாட்டான். உங்கள் மகள் படித்ததும் உயிர்வேதியியல்தான் என்று அவள் அப்பாவிடம் சொல்லுங்கள்.

நான் இருந்த ஓர் ஆய்வகத்தில் நடந்ததையும் சொல்லவேண்டும். ஒரு நாள் மாலை, வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத டெக்னீஷியன் பெண் ஒருத்தி என் அறை வாசலில் வந்து நின்றாள். "சார், காலையில் இரண்டு பேருக்கு லேபிள் மாற்றி ஒட்டிவிட்டேனோ என்று சந்தேகமாக இருக்கிறது" என்றாள். சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த இருவரின் மாதிரிகளையும் விலக்கினோம். அவர்களை மறுபடி வெறும் வயிற்றோடு வரச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். மேலதிகாரி ஒருவர் அவளை எல்லார் முன்னிலும் கடிந்துகொண்டார். அன்று நான் குறுக்கிட்டுப் பேசாமல் இருந்தது இன்றும் உறுத்துகிறது. அதன்பின் அவள் ஒட்டிய லேபிளை நான் இரண்டாவது முறை சரிபார்த்ததே இல்லை.

வருமானத்தைப் பொறுத்தவரை, திட்ட உதவியாளர் பணி ஆண்டுக்கணக்கு ஒப்பந்தம்தான். ஓய்வூதியத்தை எதிர்பார்த்துப் போகும் வேலை அல்ல. அவள் எம்.எஸ்சி. முடித்து நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால், 2023 ஜனவரி முதல் அது மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. இந்த ஓரிரு ஆண்டு அனுபவம் அப்போது கைகொடுக்கும்.

கேள்வி: அப்படிப்பட்ட ஆய்வகங்களில் எலிகளைக் கொல்கிறார்களாமே? அங்கே ஆய்வு மாணவனாகச் சேர்ந்த என் மகன் சரியாகச் சாப்பிடுவதில்லை.
- வாசகர், ஸ்ரீராமபுரம்

பதில்: ஆம், கொல்கிறார்கள், மறைத்துப் பயனில்லை. நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு எத்தனை எலி, எதற்காக, எந்த முறையில் என்று கேட்டு ஒப்புதல் தந்த பிறகுதான் ஒன்றைத் தொடமுடியும். பயந்த எலிக்குச் சர்க்கரை ஏறிவிடும் என்பதால், தினமும் ஒரே ஆள் அமைதியாகக் கையாள வேண்டும் என்பதும் ஆய்வின் தேவைதான். எலிக்கூடத்துப் பராமரிப்பாளரோடு உங்கள் மகன் சில நாள் கூடவே இருக்கட்டும். கூண்டைத் திறக்கும்போது அவர் கை எவ்வளவு நிதானமாகப் போகிறது என்று பார்க்கட்டும். அதன் பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால் வழிகாட்டியிடம் வெளிப்படையாகச் சொல்லி, செல் வளர்ப்புக்கோ மனித மாதிரிகளுக்கோ மாறிக்கொள்ளலாம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

கேள்வி: எங்கள் அப்பாவுக்கு வயது 58, பத்து ஆண்டாகச் சுகர். ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கு ரத்தம் தரமுடியுமா என்று வீட்டுக்கே வந்து கேட்டார்கள். வெளிநாட்டில் செய்யாத ஆய்வா? நம் ரத்தம் எதற்கு?
- வாசகி, மர்ஃபி டவுன்

பதில்: நம் ரத்தம்தான் வேண்டும், அம்மா. 2004இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாக்னிக்கும் இங்கிலாந்தைச் சேர்ந்த யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் உயர-எடை விகிதக் குறியீடு ஒன்றேதான்: 22.3. ஆனால் உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. வெளியே ஒல்லியாகவும் உள்ளே கொழுப்பாகவும் இருக்கும் நம் உடம்பை, வெள்ளையரின் ரத்தத்தை மட்டும் அளந்து புரிந்துகொள்ள முடியாது. 2023இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி இந்நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடியே 10 லட்சம் பேர்; அந்த எண்ணும் வீடு வீடாகப் போய் ரத்தம் கேட்டவர்களால்தான் நமக்குக் கிடைத்தது.

ஆனால் கேட்டதும் கையை நீட்டவேண்டியதில்லை. ஆய்வுத் தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் அப்பாவுக்குப் புரியும் மொழியில் இருக்கவேண்டும். தமிழில் இல்லையென்றால் தமிழில் கேளுங்கள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கிறதா, மிஞ்சிய ரத்தத்தைச் சேமித்து வைத்து வேறு ஆய்வுக்குப் பயன்படுத்துவார்களா, முடிவுகளை அவரிடம் தெரிவிப்பார்களா என்று விசாரியுங்கள். படிவத்தின் ஒரு பிரதி உங்கள் கையில் இருக்கவேண்டும். பாதியில் விலகினாலும் அவருக்குக் கிடைக்கும் சிகிச்சை எதுவும் நிற்காது; இந்த வாக்கியம் படிவத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இதையெல்லாம் கேட்டால் முகம் சுளிப்பவர்களாக இருந்தால் கையெழுத்துப் போடவேண்டாம். நல்ல களப்பணியாளர் உட்கார்ந்து பொறுமையாகப் பதில் சொல்வார்.

கடைசியாக ஒன்று. வெறும் வயிற்றோடு போகும் நாளில் காலை மாத்திரையைப் போடலாமா கூடாதா என்று முதல் நாளே ஆய்வக மருத்துவரிடமும் உங்கள் மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். சில மாத்திரைகளைச் சாப்பிடாமல் போட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். டிபன் பாக்ஸில் நான்கு இட்லி வைத்துக் கொடுத்தனுப்புங்கள். கடைசிக் குழாய் நிரம்பியதும் அவர் அங்கேயே சாப்பிடட்டும்.