கறுப்பு வெள்ளையில ஏன் இவ்ளோ பயம்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், 1954ல ஜப்பான்ல வந்த ஒரிஜினல் காட்ஜில்லா பாக்கலாம்னு ஃப்ரெண்ட் கூப்ட்டான். ரப்பர் டிரஸ் மாட்டுன ஆளு பொம்மை வீட்ட மிதிக்கிற படம்தானே, சிரிச்சுட்டு வரலாம்னு போனேன். முடிஞ்சப்ப ரெண்டு பேருக்கும் பேச்சே வரல. இப்ப வர்ற பெரிய பட்ஜெட் படத்துல வராத பயம் அதுல மட்டும் எப்டி வந்துச்சு?
– காரைக்குடி வாசகர்

பதில்: அத எடுத்தவங்க விளையாட்டுக்கு எடுக்கலங்க, அதான் காரணம். 1954 மார்ச் 1ம் தேதி பிகினி தீவுல அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு வெடிச்சு சோதனை பண்ணுச்சு, அந்தப் பக்கம் சூரை மீன் புடிக்கப் போன ஒரு ஜப்பான் படகு மேல வெள்ளையா சாம்பல் கொட்டுச்சு, அதுல இருந்த 23 பேருக்கும் கதிர்வீச்சு பாதிப்பு, ரேடியோ ஆபரேட்டர் செப்டம்பர்ல இறந்தே போயிட்டார். நவம்பர்ல இந்தப் படம் ரிலீஸ். இப்ப அந்த முதல் சீன நினைச்சுப் பாருங்க, கடல்ல ஒரு வெளிச்சம், படகு பத்தி எரியும். தியேட்டர்ல உக்காந்திருந்தவங்களுக்கு அது கதையே இல்ல, அந்த வருஷம் பேப்பர்ல படிச்ச செய்தி. டைரக்டர் இஷிரோ ஹோண்டாவும் போர்ல சிப்பாயா இருந்து, ஊர் திரும்புறப்ப ஹிரோஷிமா வழியா வந்து அந்த அழிவ கண்ணால பாத்தவர்.

டோக்கியோ எரியறப்ப தெருவோரத்துல ஒரு அம்மா புள்ளைங்கள கட்டிப் புடிச்சுக்கிட்டு, கொஞ்ச நேரத்துல அப்பா இருக்குற எடத்துக்குப் போயிடலாம்னு சொல்லுவா. அப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு படம் சொல்லாது, போர் முடிஞ்சு 9 வருஷமே ஆன ஊர்ல யாருக்கும் அத சொல்லத் தேவையும் இல்ல. மறுநாள் ஆஸ்பத்திரியில ஒரு சின்னப் புள்ளகிட்ட கதிர்வீச்சு அளக்குற மெஷின கொண்டு போவாங்க, அது கடகடன்னு அடிக்கும், பக்கத்துல இருக்கறவர் ஒண்ணும் பேசாம தலைய மட்டும் ஆட்டுவார். அந்த எடத்துல எனக்கு இன்னைக்கும் தொண்டை அடைக்கும்.

கறுப்பு வெள்ளையும் பெரிய துணை. ராத்திரி, புகை, தீ, இதுக்கு நடுவுல ரப்பர் எங்க முடியுது இருட்டு எங்க ஆரம்பிக்குதுன்னு கண்ணால பிரிக்க முடியாது. கலரா இருந்தா ரப்பரோட பளபளப்பே காட்டிக் குடுத்துரும். கண்ணுக்குத் தெரியாத மிச்சத்த மனசு தானா போட்டுக்குது, நம்ம மனசு போட்டுக்கறத விட பெரிய பூதம் எந்த கம்ப்யூட்டர்லயும் வராதுன்னு நான் நம்புறேன். அந்த டிரஸ்ஸோட எடை கிட்டத்தட்ட 100 கிலோ, உள்ள இருந்தவர் ஹருவோ நகாஜிமா. கேமராவ வேகமா ஓட்டி எடுத்து சாதா ஸ்பீடுல போட்டதால ஒவ்வொரு அடியும் மலை நகர்ற மாதிரி விழுது.

அந்தக் கர்ஜனையும் மிருகத்தோட சத்தம் இல்ல. ஆள் உயர வயலின் மாதிரி டபுள் பேஸ்னு ஒரு வாத்தியம், இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே சொல்லி அதோட தந்திய தளர்த்தி, பிசின் தடவுன தோல் கையுறையால அழுத்தித் தேச்சு, அத ரெக்கார்ட் பண்ணி ஸ்பீட மாத்தினாங்க. அடுத்த தடவ கண்ண மூடிக்கிட்டு கேளுங்க, அதுல ஒரு அழுகையும் இருக்கும். ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, 1956ல ரேமண்ட் பர்ங்கற அமெரிக்க நடிகர நடுநடுவுல சேத்து ஒரு வெர்ஷன் வந்துச்சு, அது வேண்டாம், ஜப்பான் மொழியில இருக்கறதத்தான் பாக்கணும்.

கேள்வி: அந்தக் காலத்துல கலர் ஃபிலிம் இல்லாததாலதான் இதெல்லாம் கறுப்பு வெள்ளையா?
– ஈரோடு வாசகி

பதில்: கலர் 1930கள்லயே வந்தாச்சும்மா, செலவுதான் ஜாஸ்தி. 1954ல அமெரிக்காவுல தெம்னு ஒரு ராட்சச எறும்பு படம், அத கலர்ல, அதுவும் த்ரீடியில எடுக்கத்தான் பிளான். கடைசியில கறுப்பு வெள்ளை ஆயிடுச்சு, டைட்டில் மட்டும் கலர்ல அப்படியே நிக்குது. அதுவே படத்துக்கு நல்லதா போச்சுன்னுதான் நான் சொல்லுவேன். நியூ மெக்சிகோ பாலைவனத்துல ஒரு சின்னப் பொண்ணு, உடைஞ்ச பொம்மைய கையில வச்சுக்கிட்டு, பேச்சு போய் வெறிச்ச கண்ணோட நடந்து வருவா. பெருசா எறும்பு எதையும் உடனே காட்ட மாட்டாங்க, காத்துல ஒரு கீச்சு சத்தம், சிதறிக் கிடக்குற சர்க்கரைக் கட்டி, அவ்ளோதான். முதல் அணுகுண்டு சோதனை 1945ல அதே நியூ மெக்சிகோவுலதான் நடந்துச்சுங்கறது மனசுல இருந்தா அந்த வெட்டவெளியே பயமா இருக்கும்.

கேள்வி: தமிழ்ல இந்த மாதிரி ஏதாவது உண்டா?
– நாகர்கோவில் வாசகர்

பதில்: உண்டே! 1963ல ஏ.காசிலிங்கம் டைரக்‌ஷன்ல எம்.ஜி.ஆர்., பானுமதி நடிச்ச கலை அரசி. வேற கிரகத்துல விஞ்ஞானம் இருக்கு, கலை இல்ல, அதனால நம்ம ஊர்ல இருந்து ஒரு பாடகிய தூக்கிட்டுப் போறாங்க. நல்லா பாடத் தெரிஞ்ச ஒருத்திக்காக பூமிக்கு வர்றாங்கங்கற அந்த யோசனை ஒண்ணுக்கே எனக்கு இந்தப் படத்து மேல தனிப் பிரியம்.

கேள்வி: என் பொண்ணுக்கு 11 வயசு. பழைய படம் போட்டா "எல்லாம் டூப்பு"ன்னு எந்திரிச்சுப் போயிடுறா. எதுல இருந்து ஆரம்பிக்கலாம் சார்?
– மதுரை வாசகர்

பதில்: 1957ல வந்த தி இன்க்ரெடிபிள் ஷ்ரிங்க்கிங் மேன், இதுல ஆரம்பிங்க. ஒரு ஆளு நாளுக்கு நாள் சின்னதாகிட்டே போவான், கடைசியில வீட்டு நிலவறையில தீப்பெட்டிதான் அவனுக்கு வீடு, குண்டூசிதான் ஈட்டி, எலிப்பொறியில இருக்குற பாலாடைக்கட்டிக்கு உயிரப் பணயம் வைக்கணும், சிலந்தியோட சண்டை போடணும். எல்லாம் பாப்பா தினம் கையில தொடுற சாமான்ங்கறதால கதை சட்டுன்னு ஒட்டிக்கும். சிலந்திக்கு பயப்படுவான்னா அந்த எடத்துல பக்கத்துலயே இருங்க.

டூப்புன்னு சொன்னா ஆமான்னு ஒத்துக்கோங்க, எப்டி பண்ணாங்கன்னு சேந்து கண்டுபுடிங்க. 1951ல வந்த தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில் படத்துல கார்ட்னு ஒரு ரோபோ, உள்ள இருந்த லாக் மார்ட்டின் 7 அடிக்கு மேல உயரம், சினிமா தியேட்டர்ல வாசல்காரரா இருந்தவர். ரோபோ ஒடம்புல ஜிப் தெரியக் கூடாதுன்னு ரெண்டு டிரஸ் தச்சாங்க, ஒண்ணுக்கு முன்னாடி ஜிப், இன்னொண்ணுக்கு பின்னாடி, கேமரா எந்தப் பக்கம் நிக்குதோ அதுக்கேத்த மாதிரி மாத்திப்பாங்க. இத முதல்லயே சொல்லிட்டு படத்தப் போடுங்க, எந்த ஷாட்ல எந்த டிரஸ்னு அவளே தேடுவா.

காட்ஜில்லா இன்னும் ரெண்டு மூணு வருஷம் போகட்டும். டிவியில படத்த இழுத்து அகலமாக்காதீங்க, ரெண்டு பக்கமும் கறுப்பு பட்டை இருக்கத்தான் செய்யும். லைட்ட அணைச்சிருங்க, ஃபோன பக்கத்து ரூம்ல வைங்க. பாப்பா என்ன சொன்னான்னு எனக்கு எழுதுங்க, அடுத்த இதழ்லயே போடறேன்.