முட்டிச் சில்லில் வைத்த கம்பி குத்துகிறது, யாரைக் கேட்பது?

கேள்வி: ஸ்கூட்டரிலிருந்து விழுந்து அம்மாவுக்கு முட்டிச் சில்லு உடைந்துவிட்டது. தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். எட்டு மாதமாகிறது. நன்றாக நடக்கிறார். ஆனால் முட்டிக்கு மேலே கம்பி முனை கைக்குத் தட்டுப்படுகிறது, மண்டி போட முடியவில்லை. ‘எலும்பு கூடிவிட்டது, கம்பியை எடுத்துவிடலாம்’ என்கிறார்கள். அதற்குத் தனியாகப் பணமாம். மட்டமான கம்பியை வைத்து ஏமாற்றிவிட்டார்களா? வழக்குப் போடலாமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: கம்பி குத்துவதை மட்டும் வைத்து அது மட்டமானது என்று சொல்லிவிட முடியாது. இந்த ஆபரேஷனில் பெரும்பாலும் சில்லுக்குள் மேலும் கீழுமாக இரண்டு கம்பிகளைச் செலுத்தி, முன்பக்கம் எட்டு வடிவில் மெல்லிய ஸ்டீல் கம்பியால் இறுக்கிக் கட்டுவார்கள். சில்லுக்கு மேல் சதை கிடையாது, தோல்தான். முட்டியை மடக்கி நீட்ட நீட்ட கம்பி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர்ந்து தோலை உரசும். நல்ல கம்பெனி கம்பியும் இப்படிக் குத்தும், சில சமயம் முறிந்தும் போகும். எலும்பு கூடிய பிறகு முறிந்தால் பெரும்பாலும் ஆபத்தில்லை. கூடும் முன்பே முறிந்து, உடைந்த இடம் விலகியிருந்தால் விஷயமே வேறு. அதனால் முதல் நாளிலிருந்து எடுத்த எக்ஸ்ரேக்கள் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள்.

முட்டி சிவந்து சுடுவது, சீழ், காய்ச்சல், கம்பி தோலைக் கிழித்து வெளியே வருவது, திடீரென்று காலை நீட்ட முடியாமல் போவது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். உள்ளே உலோகம் இருக்கும்போது கிருமி அதன்மேல் ஒட்டிக்கொள்ளும், வெறும் மாத்திரைக்குப் பல நேரம் அடங்காது.

தரத்தைப் பற்றிய சந்தேகத்துக்கு இம்பிளான்ட் (உடம்புக்குள் வைக்கும் பொருள்) ஸ்டிக்கரைப் பாருங்கள். கம்பெனி பெயர், அளவு, எந்தத் தொகுப்பில் தயாரானது என்று காட்டும் லாட் எண் எல்லாம் அதில் இருக்கும். வழக்கமாக ஆபரேஷன் குறிப்போடு ஒட்டிவைப்பார்கள். மருத்துவ ஆவணங்களை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. பில்லில் போட்டதும் ஸ்டிக்கரில் இருப்பதும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். 2017 ஆகஸ்டில் முழங்கால் இம்பிளான்ட்டுக்கு அரசு விலை வரம்பு வைத்ததே என்று பலர் கேட்கிறார்கள். அது மூட்டு மாற்று ஆபரேஷனுக்கானது, இந்தக் கம்பிக்குப் பொருந்தாது.

தனியார் மருத்துவமனையில் பணம் கட்டிப் பெறும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஆனால் எல்லாருக்கும் வரக்கூடிய தொந்தரவு வந்ததையே அலட்சியத்துக்கு ஆதாரமாகக் காட்ட முடியாது. வைக்காத கம்பிக்குப் பில் போட்டது, சீழ் வந்தும் கவனிக்காமல் விட்டது போன்றவை இருந்தால் கேட்கலாம். பின்னால் கம்பியை எடுக்க வேண்டி வரலாம் என்று ஒப்புதல் படிவத்தில் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். எழுதவும் இல்லை, சொல்லவும் இல்லை என்றால் உங்கள் கோபம் நியாயமானது. பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். சிகிச்சைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது.

கம்பியிலேயே கோளாறு என்று தோன்றினால் மத்திய அரசின் மருத்துவக் கருவிக் கண்காணிப்புத் திட்டத்துக்கு நோயாளியே தெரிவிக்கலாம்: 1800-180-3024, கட்டணமில்லை. கம்பியை எடுக்கும் முன்பே ‘எடுத்ததை எங்களிடம் கொடுங்கள்’ என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். பிறகு கேட்டால் குப்பைக்குப் போயிருக்கும். செலவு மதிப்பீட்டையும் எழுத்தில் வாங்கி, காப்பீடு இருந்தால் கம்பெனியிடம் முன்கூட்டியே காட்டி, கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.