அரசு செலவில் கல்லூரிப் படிப்பு: லாபமா, நட்டமா?

'வரிப்பணத்தில் எல்லாரையும் கல்லூரிக்கு அனுப்புவது வீண்செலவுதானே?' என்று கேட்டிருக்கிறீர்கள். காரைக்குடிக்காரன் கணக்கில் சொல்கிறேன்.

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்குத் தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். மூன்று வருடப் பட்டத்துக்கு 36,000. கட்டணச் சலுகை, பேராசிரியர் சம்பளம் எல்லாம் தனி. ஆனால் பெரிய செலவு அரசின் பேரேட்டில் ஏறாது. ஆத்தங்குடிப் பக்கம் டைல்ஸ் பட்டறைக்குப் போகக்கூடிய பெண் கல்லூரிக்குப் போனால், மூன்று வருடக் கூலி வீட்டுக்கு வராது. கட்டணமே இல்லை என்றாலும் பல வீடுகள் தயங்குவது இதனால்தான். அந்த ஆயிரம் ரூபாய் கட்டணத்துக்கல்ல, பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும். என் பார்வையில் நல்ல யோசனை.

சரி, வரவு? படித்தவர் கூடுதலாகச் சம்பாதித்தால் வரியாகக் கொஞ்சம் திரும்பும். சிங்கப்பூருக்குப் போய்விட்டால் வரி அங்கே. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் பண்ண, போன ஊருக்கு இது புதிதா என்ன! அப்புறம், ஊருக்கே சேரும் பலனும் உண்டு. தொழிலதிபர் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்ததால்தான் 1948-ல் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு இங்கே அடிக்கல் விழுந்தது. பக்கத்திலேயே கல்லூரி, பிறகு பல்கலைக்கழகம். மாணவர்களை நம்பி எத்தனை மெஸ், எத்தனை ஜெராக்ஸ் கடை!

நட்டம் எங்கே என்றால், பட்டம் வாங்கியும், படிக்காமலே கிடைக்கிற ஜவுளிக்கடைக் கல்லாவில் உட்காரும்போது. அது மானியத்தின் குற்றமல்ல, பாடத்திட்டமும் வேலைச் சந்தையும் ஒட்டாததன் விளைவு.