வெளியிடத்தில் உளவளத்துணை (கவுன்சலிங்): இலங்கை மலையகக் கேள்வி பதில்

பண்டாரவளை ஆசிரியை: மாணவரோடு 50 நிமிட அமர்வை நடந்தபடி எப்படி நடத்துவது, சேர்?

பதில்: போக 20, உட்கார்ந்து பேச 10, திரும்ப 20. இருவர் பக்கத்தில் பக்கத்தில் நடக்கும் அகலம் வேண்டும். ஒற்றையடிப் பாதையில் கத்திப் பேச வேண்டிவரும். பிள்ளை மலைப்பக்கம், நீங்கள் பள்ளத்துப் பக்கம். ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது கேள்வி கேட்காதீர்கள். திரும்பும் வழியில் புதிதாகக் கனமான விஷயம் எதையும் கிளறினால், பிள்ளையை அழுகையோடு வாசலில் விட்டுப் போக நேரும். பாடசாலை அதிபர், பெற்றோர் அனுமதி எழுத்தில்.

ஹட்டன்: எந்த மாதம் நல்லது?

பதில்: உங்கள் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி. ஆகவே முற்பகல் 11க்குள் முடியுங்கள். இடி கேட்டால் கட்டடத்துக்குள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வெளியே வராதீர்கள். மரத்தடியில் ஒதுங்குவது ஆபத்து. பக்கத்தில் மாற்று அறை இல்லையா, அமர்வே வேண்டாம்.

மஸ்கெலியா: அட்டை?

பதில்: நீளக் காலுறை, அதன்மேல் சவர்க்காரம். கடித்தால் இழுக்காமல், நகத்தால் பக்கவாட்டில் தள்ளி எடுங்கள்.

இறக்குவானை: அட்டைக்கு உப்பு சரியா?

பதில்: மஸ்கெலியாவுக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள். குளவியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையே! உட்காரும் மரத்தில் கூடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கலைந்தால் கையை வீசாமல் ஓடுங்கள். மூச்சுத் திணறினால் 1990, அம்புலன்ஸ்.

தலவாக்கலை: கண்ணுக்கெட்டியவரை தேயிலை மலை. அங்கேயே நடத்தலாமே?

பதில்: உங்களுக்கு அது பச்சை. கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு வேலைத்தளம்: கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்; மேலே கங்காணி, வேலையை மேற்பார்ப்பவர். மருந்து அடித்த மலையா என்பதும் உங்களுக்குத் தெரியாது. அடுத்த மலையிலிருந்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். மாலைக்குள் லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) முழுக்கச் செய்தி.

லிந்துலை: பிழை, சேர். எங்கள் அம்மாமார் மனம் விட்டுப் பேசுவதே மலையில்தான். அறைக்குக் கூப்பிட்டால் வாய் திறக்கமாட்டார்கள்.

பதில்: கொழுந்தெடுக்கும் நிரையில் பேசுவார்கள், பத்துப் பேர் காதில் விழும் என்று தெரிந்தே. புருஷன் அடித்ததை அங்கே சொல்வாரா?

லிந்துலை: சொல்கிறார்களே! ஒரே கஷ்டம் உள்ளவர்கள்தானே பக்கத்தில்.

பதில்: அது தோழமை, பெரிய பலம், கெடுக்காதீர்கள். உளவளத்துணையில் கேட்டதை வெளியே விடமாட்டேன் என்று நீங்கள் வாக்குக் கொடுக்கிறீர்கள். நிரை அந்த வாக்கைத் தராது. அறை பிடிக்காவிட்டால் கோயில் மரத்தடி, ஆற்றோரம், டவுன் பூங்கா என்று இரண்டு மூன்று இடம் சொல்லி அவரையே தேர்ந்தெடுக்க விடுங்கள். தெரிந்தவர் எதிரே வந்தால் உங்களை யாரென்று சொல்வது என்பதையும் புறப்படுமுன்பே பேசிக்கொள்ளுங்கள். அவர் மலையையே கேட்டால், வேலையில்லாத நாளில், ஆளில்லாத பக்கம். அதற்குமேல் நான் இறங்கிவரமாட்டேன்.

ஹப்புத்தளை: தற்கொலை எண்ணம் சொல்கிறவரை மலை விளிம்புக்கு அழைத்துப் போகலாமா? காட்சி அழகு.

பதில்: கூடாது. அறை, கூட ஒருவர், அன்றே வைத்தியசாலை. மனநல உதவி இலக்கம் 1926க்கு எந்நேரமும் அழைக்கலாம்.

வெலிமடை: மனநல மருந்து குடிப்பவர்?

பதில்: குளோர்புரோமசின் குடிப்பவருக்குக் குளிரிலும் வெயில் சுடும், தொப்பி, நீளக்கை. லித்தியம் என்றால் தண்ணீர்ப் போத்தல் கட்டாயம், வியர்த்து உடல் வற்றினால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும். மற்ற மருந்துகளை அவருடைய வைத்தியரிடம் கேளுங்கள்.